ஆரத்தித் தண்ணீரில் வந்த குமிழிகள்

ஞாயிறு காலை கம்பைநல்லூரில் என் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அருளப்பன் சாரின் மருமகன். "மாமா போயிட்டாருங்க. சர்ச்சுப் பூசைக்குக் கெளம்பி சட்டை போட்டாரு, அப்படியே சாஞ்சிட்டாருங்க" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை என்னோடு சண்டை போட்ட மனிதர், சொல்லாமல் கொள்ளாமல் இப்படிப் போகலாமா?

தர்மபுரிக் கல்லூரியில் அவர் வேதியியல், நான் இயற்பியல். சேர்ந்த நாளிலிருந்தே அவருக்கு ஒரே பைத்தியம். பச்சை இலை வெயிலைக் கொண்டு தண்ணீரைப் பிரிக்கிறது, அதற்குள்ளிருக்கும் மாங்கனீசு அதற்கு உதவுகிறது. அதேபோல ஒரு மாங்கனீசுப் பூச்சைத் தகட்டில் ஏற்றிவிட்டால், துளி மின்சாரத்திலேயே ஹைட்ரஜன் எடுத்து அடுப்பு எரிக்கலாம் என்பார்.

"வத்தல்மலைல இருக்கற செடியெல்லாம் சத்தமில்லாம செய்யுதுங்க. நாமதான் கிரசினுக்கு க்யூவுல நிக்கறோம்."

ஒரே ஒரு டார்ச் பேட்டரிக் கட்டையை இணைத்தால் தகட்டில் குமிழி வர வேண்டும், அவ்வளவுதான். அதுதான் வருஷக்கணக்கில் வரவில்லை. பிரின்சிபால் பொறுத்துப் பார்த்தார். "பூஜை லீவு முடிஞ்சதும் வரேன். குமிழி காட்டுங்க, இல்லாட்டி ரூமைக் காலி பண்ணுங்க. பெஞ்செல்லாம் போட எடமில்லாம வராண்டாவுல கெடக்குது" என்று சொல்லிவிட்டார். அந்த மூலை அறையை விட்டால் சாருக்கு வேறு போக்கிடம் கிடையாது. முகமே செத்துப்போயிற்று.

ஆயுத பூஜைக்கு நாங்கள் எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைத்தோம். ஞானஸ்நானம் பெற்ற இந்த மனிதர் சும்மா இருக்கக் கூடாதா? "எல்லாத்துக்கும் வெச்சிட்டு என் தகட்டை மட்டும் வுட்டா அது கோவிச்சுக்குமுங்க" என்று தாமே அதில் குங்குமத்தை அப்பினார். என் மனைவி மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து வீட்டிலேயே செய்த குங்குமம். பிறகு துடைத்தார். சொரசொரப்பான பூச்சில் ஒட்டியது போகவில்லை.

பிரின்சிபால் வந்தார். சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் தகடு இறங்கியதும் தண்ணீர் சிவந்தது.

"என்ன அருளப்பன், எனக்கு ஆரத்தியா?"

சார் கட்டையை இணைத்தார். குமிழி வந்தது! பொலபொலவென்று வந்தது. நாங்கள் கை தட்டினோம். வாயை மூடிக்கொண்டிருந்தால் அறை அவருக்குத்தான். நான் அவர் காலை மிதித்தும் கேட்கவில்லை.

"ஐயா, இது என் சாமர்த்தியம் இல்லீங்க. குங்குமம் பட்டிருக்குது. காரணம் எனக்குத் தெரியலீங்க."

பிரின்சிபால் அவரையே பார்த்தார். "அப்பக் காரணம் தெரியற வரைக்கும் ரூம் உங்களுது" என்று சிரித்தார்.

அப்புறம் சார் மஞ்சளைத் தனியாக, சுண்ணாம்பைத் தனியாகச் சேர்த்துப் பார்த்தார். சுண்ணாம்புதான் காரியம் செய்தது. இலையிலும் மாங்கனீசுக்குப் பக்கத்தில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறதாம். அது அங்கே என்னதான் செய்கிறது என்பதில்தான் எங்களுக்குள் வெள்ளிக்கிழமைச் சண்டை. டீ ஆறிப்போகும், சண்டை ஆறாது. அப்படிச் சண்டை போட எனக்கு இனி ஆளில்லை. அது ரொம்ப வலிக்கிறது.

திங்களன்று இண்டூர்க் கல்லறையில் அவருக்கு மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது பிரின்சிபால் என் பக்கம் வந்தார்.

"காரணத்தைக் கண்டுபுடிச்சிட்டாருங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்ப ரூமைப் பூட்டாதீங்க" என்றார்.

போய் வாருங்கள், சார். பெஞ்சுகள் வராண்டாவிலேயே கிடக்கட்டும்.