அரம் போட்ட சிலிண்டர்

பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து எரிகிற அந்த நீலப் புகையைக் கக்கிக்கொண்டு ஏதாவது ஒரு பழைய வண்டி கடந்துபோனால், மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். தலை நரைத்த பிறகும் அந்த ஒரு கணம் பதினாறு வயதுத் திருடனாகத்தான் நிற்கிறேன்.

ராயபுரத்தில் எங்கள் வாசலில் நின்ற மொபெட் அப்பாவுடையது. எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் அவர் தற்காலிகத் தொழிலாளி. மூன்று மாதம் ஒரு நாள்கூடத் தவறாமல் ஏழு மணிச் சங்குக்கு முன் கேட்டுக்குள் நுழைந்தால் 'பர்மனென்ட்' என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகவே வாங்கிய பழைய வண்டி அது. கடைசி வாரம் வந்திருந்தது.

எனக்கோ அதன் வேகம் அவமானமாக இருந்தது. "உங்கப்பன் வண்டிய நாயி ஓவர்டேக் எட்த்துகினு போவுதுடா" என்று என் 'தோஸ்து' பீட்டர் சிரித்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா சர்ச்சில் பூசை முடிந்து வந்து தூங்கிய மதியத்தில், நானும் அவனும் சிலிண்டரைக் கழற்றி, புகை வெளியேறும் துளையை அரத்தால் ராவி அகலமாக்கினோம். புகை வந்தால் ஆயில் 'ஜாஸ்தி', ஆயில்தான் வண்டியைப் பிடித்து இழுக்கிறது என்று நாங்களாகவே ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்து, பெட்ரோலில் கலக்கும் ஆயிலையும் பாதியாகக் குறைத்தோம். மாலையில் திருவொற்றியூர் வரை கடலோரமாகப் பறந்தோம்; உப்புக்காற்றில் சட்டை உப்ப, நான் கத்திக்கொண்டே ஓட்டினேன்.

மறுநாள் காலை எர்ணாவூரில் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு இறுகிக்கொண்டது. அப்பா மிதித்துப் பார்த்தார், அசையவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டே ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது.

சாயங்காலம் மெக்கானிக் கபூர் பாய் சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். நான் அப்பாவின் பக்கத்தில் நின்றேன்.

"இன்னாப்பா அந்தோணி, எவனோ இத்த அரம் போட்டு ராவிகிறான். ஆயிலும் பத்தல. யாரு பார்த்த வேல இது?"

அப்பா என் நகக்கண்களில் படிந்திருந்த கறுப்பைப் பார்த்தார். "நான்தான் பாய். ஸ்பீடு வரும்னு ஒருத்தன் சொன்னான்."

"இந்த வயசுல உனுக்கு ரேஸு கேக்குதா மாமு!"

பட்டறையே சிரித்தது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எத்தனையோ வருடம், அந்தக் கேட்டில் அன்றன்றைக்குப் பெயர் கூப்பிடுவதற்காக அவர் காத்து நின்றார். இன்று அந்தப் பட்டறை இல்லை, அந்தச் சங்கும் ஊதுவதில்லை, அப்பாவும் இல்லை. கடைசியாக அவரைப் பார்த்தது, வேலை கிடைத்துக் கோயம்புத்தூருக்கு நான் பஸ் ஏறிய அன்று. சன்னல் வழியே பையைத் தூக்கிக் கொடுத்தவரிடம், "அப்பா, அந்த சிலிண்டரு..." என்று ஆரம்பித்தேன்.

"தெர்யும் நைனா. கைய உள்ள வெச்சிக்கோ, வண்டி எட்த்துட்டான்."