தகட்டுக்கு அடியில் பச்சைப் பெயின்ட்

அந்தத் தெருவில் அவருக்கு 'எதுக்கும்' என்றுதான் பெயர். எந்த வேலையையும் "எதுக்கும் ஒரு தடவை பாத்துடுவோம்" என்று தொடங்குவதால் வந்தது. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். யாரிடமாவது மணி கேட்டால், பதில் வந்த பிறகு அந்த ஆளின் கடிகாரத்தையும் எட்டிப் பார்ப்பார். இருபத்திரண்டு வருஷம் ஒரு பம்பு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தவர். மற்றவர்கள் செய்ததை அளந்து, தேறாததைச் சிவப்புப் பெட்டியில் போடுவது அவர் வேலை. சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கிய மனிதர், சம்பளம் நின்ற பிறகும் அந்த வேலையை விடவில்லை.

தொழிற்சாலை மூடியதும் மனைவியின் தம்பியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஒரு தகரக் கொட்டகையில் பட்டறை போட்டார். மைத்துனன் பதினைந்து வருஷம் மில்லிங் மெஷின் ஓட்டியவன். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிறவன். பட்டறைக்கு வேண்டிய பழைய மில்லிங் மெஷினைத் தேடிப் பிடித்ததும் அவன்தான். எங்கோ மூடிக் கிடந்த ஒரு பட்டறையில், கோழிகள் அடையிருந்த மூலையிலிருந்து அதைக் கிளப்பிக்கொண்டு வந்தான். ஆள் உயரத் தூண், மேலே இரும்பைச் செதுக்கும் கட்டரைத் தாங்கும் கை, நடுவில் இரும்பு மேசை. மேசையை நகர்த்த ஒரு கைப்பிடி, கைப்பிடியின் கழுத்தில் கோடு போட்ட டயல். நெற்றியில் பளபளவென்று ஒரு பெயர்த் தகடு இருந்தது. கம்பெனி பெயர், வரிசை எண், செய்த வருஷம்.

அந்தப் பளபளப்புதான் அவரை உறுத்தியது. உடம்பெல்லாம் கறுத்துக் கிடக்க நெற்றி மட்டும் மின்னுவானேன்?

மைத்துனன் சாப்பிடப் போன நேரத்தில் தகட்டைக் கழற்றினார். திருகுகள் நாலும் புதுசு. அடியில் மெஷினின் மற்ற இடங்களில் இருந்த அழுக்கேறிய சாம்பல் நிறம் இல்லை, பச்சைப் பெயின்ட். அந்தப் பச்சைக்குள் வேறு இடைவெளியில் நாலு பழைய ஓட்டைகள், தூர்ந்துபோய். ஆக, வேறொரு மெஷினின் தகட்டைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். டார்ச் அடித்து அடிப்பாகத்தில் வார்ப்பு எண்ணைத் தேடினார். மேசையின் ஓரத்தைச் சுரண்டி அங்கே குத்தியிருந்த எண்ணைப் படித்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தின, தகட்டோடு பொருந்தவில்லை. பழைய தொழிற்சாலையில் மெஷின் பராமரித்த நண்பருக்குப் படம் அனுப்பினார். எண்ணெய்த் துளை மூடிகளையும் கைப்பிடியின் வளைவையும் பார்த்தால், தகடு சொல்வதைவிட இருபது வருஷமாவது மூத்தது என்று நண்பர் பதில் எழுதினார்.

எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார். கடைசியாகக் கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்த்தார். டயலில் பன்னிரண்டு கோடு நகர்ந்த பிறகுதான் மேசை அசைந்தது. உள்ளே நட்டு தேய்ந்து, பட்டறைக்காரர்கள் 'ப்ளே' என்று சொல்லும் தளர்ச்சி விழுந்திருக்கிறது. அதையும் எழுதினார்: "ப்ளே, 12 கோடு." திருட்டு நடந்த வீட்டில் கால் தடத்தை அளக்கிறவரின் கையெழுத்து.

தகட்டைத் திரும்ப மாட்டிவிட்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார். மைத்துனன் ஏமாந்தானா, ஏமாற்றினானா என்பது தெரியவேண்டும். அதுவரை ஒரு ஏற்பாடு செய்தார். இனி யார் செய்த பொருளோ அவரவர் அடையாளத்தைப் பின்பக்கம் குத்தவேண்டும். அவருக்குப் புள்ளி, அவனுக்குக் கோடு. "எதுக்கு மாமா?" என்று அவன் கேட்கவில்லை. அதுவும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

முதல் பெரிய வேலை பொட்டலம் கட்டும் இயந்திரம் செய்கிற கம்பெனியிலிருந்து வந்தது. நாற்பது இரும்புத் தட்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு பள்ளம், இரண்டுக்கும் நடுவே அறுபது மில்லிமீட்டர். முதல் பள்ளத்தை வெட்டிவிட்டு, டயலைப் பார்த்து மேசையை அறுபது நகர்த்தி இரண்டாவதை வெட்டவேண்டும். இது தேறினால் மாதாமாதம் வேலை. நேரம் குறைவாக இருந்ததால் இருவரும் மாறி மாறி மெஷினில் நின்று ஆளுக்கு இருபது முடித்தார்கள்.

பதினொன்று திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் பெருக்கல் குறி. வெள்ளிக்கிழமைக்குள் மாற்றித் தராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கம்பெனி சொல்லி அனுப்பியிருந்தது. இத்தனை வருஷம் பிறர் பொருளுக்குச் சிவப்பு போட்டவர், தன் மேசையில் சிவப்பைப் பார்த்ததும் தட்டுகளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மைத்துனனிடம் போனார். தகடு பொய், மெஷின் குப்பை, இது தெரிந்தே நீ வாங்கியிருக்கிறாய் என்று, மூன்று மாதம் நோட்டில் சேர்த்ததை மூன்று நிமிஷத்தில் கொட்டினார்.

அவன் கை துடைத்த துணியை நாலாக மடித்து வைத்தான். "அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியிலிருந்து பழைய முதலாளிகிட்டயே போயிடறேன் மாமா" என்றான். அவ்வளவுதான்.

வீட்டில் விஷயம் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள்.

"ஊர்ல உள்ளவங்க கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டறேன். உங்க கண்ணுக்குத்தான் இன்னும் ஒண்ணும் அமையல" என்றாள். தட்டில் சோற்றை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அவன் போறதுன்னா போகட்டும். என் தம்பிங்கறதுக்காக நான் பிடிச்சு நிறுத்தல. ஆனா திருடன்னு பேர் வாங்கிட்டுப் போறானா, இல்ல உங்க வாயால போறானான்னு எனக்குத் தெரியணும். நிச்சயமாத் தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லுங்க."

நிச்சயம் என்ற வார்த்தைக்கு அவரிடம் எப்போதும் மரியாதை உண்டு. மறுநாள் காலை ஏழு மணிக்கே கொட்டகையைத் திறந்து, பதினொரு தட்டுகளையும் வேலைப் பலகையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். பதினொன்றிலும் புள்ளி.

முதலில் தோன்றியது, அவன் தன் தட்டுகளில் புள்ளி குத்தியிருப்பான் என்பதுதான். பூதக்கண்ணாடியை எடுத்தார். அவருடைய குத்தூசியின் முனையில் ஒரு மூளி உண்டு, அது அவர் பெட்டியை விட்டு வெளியே போனதில்லை. பதினொரு புள்ளியிலும் அதே மூளி. பெருமூச்சு விடக்கூட மனம் வராமல், மெஷின் மேசையின் ஓரத்தில், அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை நிறுத்தினார். நூலிழை நகர்ந்தாலும் முள் சொல்லிவிடும்.

கைப்பிடியைச் சுற்றி டயலில் அறுபதாவது மில்லிமீட்டர் கோட்டில் நிறுத்தினார். முள்ளும் அறுபது என்றது. ஆனால் அவர் கை அதோடு நிற்கவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று கோடு போய், எதுக்கும் என்று திரும்பி வந்து, கோடு இரண்டு பக்கமிருந்தும் சரிதானா என்று பார்த்துவிட்டு நின்றது. சோதனைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் செய்த பழக்கம். டயல் அறுபதுக்குத் திரும்பியிருந்தது. முள் திரும்பவில்லை. மேசை மூன்று கோடு தள்ளியே நின்றது.

பன்னிரண்டு கோடு ப்ளே உள்ள மெஷினில் மூன்று கோடு பின்னால் வந்தால் மேசை எப்படி வரும்? நோட்டில் எழுதியவரே அவர்தான். அவனுக்கு எதிரான சாட்சியாக எழுதிவைத்தார், தன் கைக்குச் சொல்லவில்லை. நன்றாகவே செய்து முடித்த ஒவ்வொரு அளவையும், சரிபார்க்கப் போய்க் கெடுத்திருக்கிறார். தப்பித்த ஒன்பது தட்டும் கை கொஞ்சமாகத் தாண்டிய தட்டுகளாக இருக்கவேண்டும். திறமை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

எட்டரைக்கு மைத்துனன் வந்தான். கவிழ்ந்த தட்டுகளையும் கேஜையும் பார்த்தான், சட்டையைக் கழற்றி மாட்டினான்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் அவர்.

"ரெண்டாவது நாளே பாத்தேன். கோட்டுக்கு வந்ததும் கையை எடுத்துட்டு மேசையை லாக் பண்ணிடணும். தாண்டிட்டா ஒரு முழுச் சுத்து பின்னால போய் மறுபடி வரணும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? மெஷின்ல ஒரு குறை இருக்குன்னு நானே ஒத்துக்கிட்டேன்னு அதையும் நோட்டுல எழுதியிருப்பீங்க."

எழுதியிருப்பார். ஆனாலும் விடவில்லை. "தகடு?"

"பொய்த் தகடுன்னு அங்கேயே தெரியும் மாமா. வித்தவன் ஒட்டினது. மேசையைக் கையால தள்ளிப் பாத்தேன், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே சீரா ஓடுச்சு. அதுக்காகத்தான் வாங்கினேன். தகடு கதையைச் சொன்னா வாங்க விட்டிருக்க மாட்டீங்க."

ஆக, அவர் சந்தேகப்பட்டதில் பாதி உண்மை. அவன் மறைத்திருக்கிறான். சாதாரண நாளாக இருந்தால் அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் பேசியிருப்பார். இன்று அந்தப் பாதியை எடுத்துவைக்க இடம் இல்லாதபடி பலகை முழுக்கப் பதினொரு தட்டு கிடந்தது.

"உங்கக்காகிட்ட நான் சொல்லிடறேன்" என்றார்.

புதுத் தட்டு ஒன்றை மேசையில் இறுக்கி முதல் பள்ளத்தை வெட்டினார். பிறகு கைப்பிடியைச் சுற்றி அறுபதுக்குக் கொண்டுவந்தார். கோடும் கோடும் சேர்ந்தன. கை தாண்டிப் போகத் துடித்தது. விரல்களைப் பிரித்துக் கைப்பிடியை விட்டார், மேசையை லாக் செய்தார். அரிப்பு எடுத்த இடத்தைச் சொறியாமல் இருப்பது போல இருந்தது. இரண்டாவது பள்ளம் வெட்டி முடிந்ததும் தட்டைக் கழற்றி, கூடவே தன் வெர்னியர் அளவுகோலையும் எடுத்து மைத்துனனிடம் நீட்டினார். அந்த வெர்னியரை அவர் மனைவிகூடத் தொட்டதில்லை.

"நீ அள."

வேண்டாம் மாமா, சரியாத்தான் இருக்கும் என்று அவன் சொல்வான் என எதிர்பார்த்தார். அவன் சொல்லவில்லை. தட்டை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பி, நடுவில் ஒரு முறையும் இரு ஓரங்களில் ஒவ்வொரு முறையும் அளந்தான். அவர் காத்து நின்றார்.

"தேறும்" என்றான். தட்டைக் கீழே வைத்தான், ஆனால் வெர்னியரைத் திருப்பித் தரவில்லை. "இன்னும் பத்து இருக்கு. அடுத்ததை மாட்டுங்க."