பால்குடி மறக்கடிக்கத் திருநெல்வேலிக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போயிருக்கும் சகோதரிகள் சிலர், சனி ஞாயிறு விடுமுறையில் பக்கத்தில் என்ன பார்க்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். பதில் எழுத நினைத்து மூன்று மாதமாகிறது. மைக்கூட்டைத் திறந்தால் மடியிலிருக்கும் சின்னவள் அதற்குள் கையை விடுகிறாள். இன்று தூங்குகிறாள். மூச்சு சீராக வருகிறதா என்று இரண்டு தரம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலியைப் பார்த்தது இங்கிலாந்து ராசாவின் முடிசூட்டு விழாவுக்கு முந்தின வருஷம், மாசிக் கடைசியில். ஊர் பார்க்கிற ஆசையால் போகவில்லை. என் மூத்தவன் ராசுவுக்குப் பால்குடி மறக்கடிப்பதற்காக என்னை வீட்டை விட்டுத் துரத்தினார்கள். (ஆண்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், கடைவீதி வருகிற இடத்திலிருந்து தொடங்கலாம். அங்கேயும் இதே பேச்சுத்தான் வரும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.)

கலியாணமாகிப் பிள்ளையும் பிறந்த பிறகே எனக்கு உபாத்தியாயினிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. என் கணவர் வாத்தியார். படித்துவிட்டு வா என்று சொன்னவர் அவர்தான். ஆறு மாதக் குழந்தையோடு கொழும்புக்கு ரயில், தூத்துக்குடிக்குக் கப்பல், மணியாச்சியில் வண்டி மாறித் திருநெல்வேலி என்று கொண்டுவந்து, பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் அறை பிடித்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். அந்த வீட்டுக்காரி எஸ்தர் அக்கா, நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். கல்லூரி அடுத்த தெருவில்தான். மணி அடித்ததும் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவேன். இப்படியே பத்து மாதம் போயிற்று.

வருகிற திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழகும் தவணை என்று அறிவித்தார்கள். காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் வீடு. ராசுவுக்குப் பதினாறு மாதம். பல் எட்டு முளைத்திருந்தும் சோற்றைக் கண்டால் வாயை மூடிக்கொள்வான். கையில் எது கிடைத்தாலும், கிண்ணமோ செருப்போ, தன் தலையிலோ பக்கத்திலிருப்பவர் தலையிலோ வைத்துப் பார்க்கிற வயது. கஞ்சி வைத்துக் கொடுத்த கிண்ணத்தைக் கஞ்சியோடு எஸ்தர் அக்காவின் பூனை தலையில் கவிழ்த்தான். வேப்பிலையை அரைத்துத் தடவிப் பார்த்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு வேப்பிலையோடு குடித்தான். அவன் பால் மறக்க வேண்டும், இல்லையென்றால் நான் படிப்பை விட்டுவிட்டுக் கப்பலேற வேண்டும். வேறு வழி தெரியவில்லை.

எஸ்தர் அக்காதான் முடிவு சொன்னார். "நீ கண்ணுக்குத் தெரிஞ்சா அவன் எப்படி மறப்பான்? ரெண்டு ராத்திரி திருநவேலியில போய் இரு. நாலு எடத்தப் பாரு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் வா. அதுக்கு முந்தி இந்த வாசல்ல வந்து நின்னேன்னா நான் கதவத் தொறக்க மாட்டேன்."

என்னோடு படித்த ரெபேக்காள் துணைக்கு வந்தாள். ராதாபுரம் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயது, எதற்கும் கலங்காதவள். அவளுடைய அத்தை வீடு திருநெல்வேலியில் இருந்ததால் தங்குகிற கவலை இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, எஸ்தர் அக்கா ராசுவுக்குக் கொல்லையில் கோழிக்குஞ்சு காட்டிக்கொண்டிருந்தபோது, நான் திருடியைப் போல வாசல் வழியாக நழுவி ஜட்காவில் ஏறினேன்.

பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி நாலு மைலுக்குச் சற்றுக் குறைவு. ஜட்காக் கூலி இருவருக்கும் சேர்த்து ஆறணா. வழி முழுதும் மர நிழல். பாதி வழியில் தாமிரபரணியைக் கடக்கிற கல் பாலம் வரும். பதினோரு வளைவும் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் நேரம் மாலைதான். யாழ்ப்பாணத்தில் ஆறு பார்த்தறியாத கண்ணுக்கு அது பெரிய காட்சி. ஆனால் அப்போது என் காதுக்குள் ஒரே அழுகைச் சத்தம். வண்டிக்காரரிடம், "அண்ணாச்சி, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ, பிள்ளை அழுற சத்தம் கேக்குது" என்றேன். அவர் கடிவாளத்தை இழுத்து நிறுத்திவிட்டு ஆற்றை எட்டிப் பார்த்தார்.

"தொவைக்குத எடத்துல கழுத கத்துதும்மா."

"யக்கா, ராசு கேட்டா வருத்தப்படுவான்" என்றாள் ரெபேக்காள். வண்டிக்காரர் சிரித்த சிரிப்பில் குதிரையே தானாகக் கிளம்பிவிட்டது.

அத்தையின் கணவர் அங்குள்ள சிறிய கிறிஸ்தவ ஆலயத்தின் உபதேசியார். வீடு ஆலயத்துக்குப் பின்னாலேயே. நல்ல மனிதர்கள். இரவு சொதி வைத்துப் போட்டார்கள், தேங்காய்ப்பால் விட்டு, நம் ஊர்ச் சொதிக்கு அக்காள் முறை என்று சொல்லலாம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். சனிக்கிழமை காலையில் எழுந்தபோது மார்பில் அம்மிக்கல்லைக் கட்டியது போலிருந்தது. கையைத் தூக்க முடியவில்லை, ரவிக்கை நனைந்திருந்தது. அத்தை ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டார். மல்லிகைப்பூவை உதிரியாகத் துணியில் பரத்தி இறுக்கிக் கட்டினால் பால் வற்றும், வலியும் குறையும், மாலையில் பூவை மாற்ற வேண்டும் என்றார். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். எங்கள் சபைகளில் பெண்கள் பூ வைப்பதில்லை அல்லவா?

"உபதேசியார் பொண்டாட்டி பூ வாங்குதாளாம்னு மத்தியானத்துக்குள்ள சபை முழுக்கப் பரவிரும். நீங்க வெளியூரு. பைய ரெண்டு பேருமாப் போய் வாங்கிட்டு வந்திருங்க."

ஆகவே திருநெல்வேலியில் நான் முதலில் பார்க்கப் போனது கோபுரத்தையோ தேரையோ அல்ல, பூக்கடையை. கோயிலுக்கு எதிர்த்தாற்போல் தரையில் கூடையை வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். காலணாவுக்கு வாங்குகிறவர்கள் மத்தியில் நான் இரண்டணாவுக்கு உதிரி மல்லிகை கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள், ரெபேக்காள் தலையைப் பார்த்தாள்.

"தலையில ஒரு மொட்டக் காணோம். இம்புட்டும் யாருக்கு தாயி? சாமிக்கா?"

"சாமிக்கும் இல்ல" என்றாள் ரெபேக்காள் பரிதாபமாக.

நான் முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "ஆம்பளப் பிள்ளையா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "அப்ப இன்னும் ஒரு கை போட்டுக்கிடுங்க. லேசுல விட மாட்டானுவ" என்று அள்ளி இலையில் கொட்டினாள். பக்கத்தில் பழம் விற்றவளும் வெற்றிலை விற்றவளும் எட்டிப் பார்த்து, தங்கள் பிள்ளைகள் எத்தனை மாதத்தில் மறந்தார்கள் என்று தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி பிள்ளை மூன்று வயதில் மறந்ததாம். அதைக் கேட்டதும் காசைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினேன்.

அத்தை வீட்டுக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் ஊர் பார்த்தோம். கோயிலுக்குள் போகவில்லை. வாசலில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததிலேயே கழுத்து வலித்தது. தேர் ஓடுவது ஆனி மாதத்தில். நாங்கள் பார்த்தது ஓலை வேய்ந்து மூடி நிறுத்தியிருந்த தேரை. சக்கரத்தின் பக்கத்தில் நின்று பார்த்தேன், என்னைவிட உயரம். ரத வீதிகள் நான்கையும் நடந்தே சுற்றலாம், முக்கால் மணி நேரம் போதும். பாத்திரக் கடைகள் வரிசையாக இருக்கிற இடத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. ஒரு ராவுத்தர் கடையில் பத்தமடைப் பாயைப் பட்டுத் துணி மடிக்கிறதுபோல் மடித்துக் காட்டினார். விலை கேட்டுவிட்டு நாங்களும் மரியாதையாக மடித்துக் கொடுத்துவிட்டு வந்தோம். அல்வாவைச் சூடாக வாழையிலையில் வாங்கி நின்றுகொண்டே தின்றோம். கையில் நெய் வடிந்தது. கல்லூரி அம்மாக்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இன்னொரு அணாவுக்கு வாங்கினோம்.

பிற்பகல் குறுக்குத்துறை. ஊரிலிருந்து ஒன்றரை மைல், நடந்து போகலாம். ஆற்றின் நடுவிலேயே பாறையில் கோயில் நிற்கிறது. மாசியில் தண்ணீர் இடுப்பளவுதான், அடியில் மணல் தெரியும். பெண்கள் குளிக்கிற துறையில் சேலையோடு இறங்கி உட்கார்ந்தேன். சின்ன மீன்கள் வந்து கால் விரலைக் கடித்தன. ரெபேக்காள் தண்ணீரை வாரி என் முகத்தில் அடித்தாள், நானும் அடித்தேன். கரைக்கு வந்து தலை துவட்டும்போது, மத்தியானத்திலிருந்து ராசுவை ஒரு தரம்கூட நினைக்கவில்லை என்பது உறைத்தது. பெற்ற பிள்ளையை மறந்து மீனோடு விளையாடிக்கொண்டிருந்தேனே என்று கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அங்கன அவனும் கோழிக்குஞ்சோட வெளயாடிக்கிட்டு இருப்பான். ரெண்டு பேரும் சேந்துதான் மறக்கணும் யக்கா. ஒராளு மறந்தாப் போதுமா?" என்றாள் ரெபேக்காள். அவளுக்குக் கலியாணமே ஆகவில்லை. இருந்தாலும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்றிரவு தூங்கினேன்.

ஞாயிறு காலை ஆலயம். சின்ன ஆலயம், பெண்கள் பக்கம் பாய் விரித்திருந்தது. புதிதாக மாற்றிக் கட்டிய மல்லிகை, போதாததற்கு நெருக்கமும் புழுக்கமும். முதல் பாட்டு முடிவதற்குள் பெண்கள் பக்கம் முழுவதும் மணக்கத் தொடங்கியது. முன்னால் இருந்தவர் திரும்பினார். அவருக்கு முன்னால் இருந்தவரும் திரும்பினார். ஒவ்வொரு தலையாகப் பார்த்தார்கள், எந்தத் தலையிலும் பூ இல்லை. உபதேசியார்கூட வாசிப்பை நிறுத்தி மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார். அத்தை பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். ரெபேக்காள் என் விலாவில் இடித்தாள். நான் தரை பிளக்காதா என்று குனிந்திருந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் என் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டாள்:

"பிள்ளைக்கு எத்தன மாசம்?"

பதினாறு என்றேன். அது வரிசை வரிசையாகப் போனதை என் காதால் கேட்டேன். ஆராதனை முடிந்ததும் எட்டுப் பத்துப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் முகத்திலும் கோபமில்லை. ஒரு கிழவர் மட்டும், மல்லிகைச் செடி எங்கே இருக்கிறது என்று ஆலயத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை மூன்றரைக்குக் கிளம்பினோம். ஓய்வுநாளில் கூலி வண்டி பிடிப்பதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம், ஆகவே நடை. வெள்ளிக்கிழமை வந்த அதே ஜட்காக்காரர் பாலத்தருகே எதிர்ப்பட்டு, இன்றைக்குக் கழுதை கத்தவில்லையே என்று விசாரித்தார். பாலத்திலிருந்து பார்த்தால் மரங்களுக்கு மேலே பாளையங்கோட்டை ஆலயத்தின் ஊசிக்கோபுரம் தெரியும். அதைக் கண்டதிலிருந்து நான் நடக்கவில்லை, ஓடினேன். கூடவே பயமும் வளர்ந்தது. அழுது அழுது காய்ச்சல் வந்திருக்குமோ? பால் மறக்காமல் இருப்பானோ? மறந்து, பாலோடு என்னையும் மறந்திருப்பானோ?

தெரு முனையில் அழுகைச் சத்தம் கேட்கவில்லை. வாசல்வரை ஓடினேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். எஸ்தர் அக்காவின் பிள்ளைகள் நடுவில் ராசு ஒரு தட்டை வைத்துக்கொண்டு, முகமெல்லாம் உளுந்தங்களியாக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். சிரித்தான். எழுந்து தத்தித் தத்தி வந்து மடியில் ஏறி, வழக்கம்போல் ரவிக்கைக்குள் கையை விட்டான். எஸ்தர் அக்கா குனிந்து பார்த்தார். நானும்.

வெளியே வந்த கையில் வாடிய மல்லிகை ஒன்று இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தான், முகர்ந்தான். பிறகு எட்டி அதை என் தலையில் வைத்துவிட்டு, இறங்கிப் போய்த் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டான்.

நான் எடுக்கக் கையைக் கொண்டுபோனேன். சபையில் எல்லாருக்கும் பயந்து நடக்கிற எஸ்தர் அக்கா, "இருக்கட்டும், எடுக்காத" என்றார். முதல் ராத்திரி அழுது ஓய்ந்து தூங்கினானாம், இரண்டாம் ராத்திரி ஒரு தரம் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தானாம். திங்கட்கிழமை எட்டு மணிக்கு நான் பள்ளிக்கூடத்தில் நின்றேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மாசி, பங்குனி நல்லது. அதற்குப் பிறகு தரை சுடும். மழைக்காலத்தில் குறுக்குத்துறையில் இறங்க வேண்டாம். ஜட்காக்காரர் எட்டணா கேட்டால் ஆறுக்கு இறங்குவார். அல்வாவைச் சூடாகத் தின்னுங்கள், ஆனால் வெறும் வயிற்றில் வேண்டாம். பூ காலையில்தான் மலிவு. பிள்ளை இருப்பவர்கள் பிள்ளையை நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுவிட்டுப் போங்கள். வேப்பிலையால் ஒன்றும் ஆகாது.

நாலு மைல் தூரத்துக்கு இவ்வளவு பெரிய பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி வந்தபோதும் பிள்ளை என் மடியில்தான் இருந்தான். அவனில்லாமல் நான் போன முதல் தூரம் அந்த நாலு மைல்.

சின்னவளுக்கு இப்போது பதினாலு மாதம். என் கணவர் என்னை இரண்டு நாள் கண்டிக்குப் போய் வரச் சொல்கிறார். கண்டியில் பூக்காரிகள் எந்தத் தெருவில் உட்காருவார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். இதோ, எழுந்துவிட்டாள்.