தோல் மண்டி பாய் தொட்ட மாடு

எங்கள் மாடு இடப்பக்க வயிறு உப்பி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அந்தக் காலை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. தட்டினால் தவில் மாதிரிச் சத்தம். யுத்த காலம். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை மாற்றலாகி அரியலூருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்குப் பால் வற்றிப்போனதால் ஆறு மாதப் பிள்ளை அந்த மாட்டுப் பாலில்தான் வளர்ந்தான். மாடு போனால் அவனுக்கு எதைக் கொடுப்பேன்?

தப்பு என்னுடையதுதான். திருமானூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே பச்சைக் கடலைக்கொடி வண்டி வண்டியாய் வந்தது. மாடு ஆசையாய்த் தின்கிறதே என்று பனி ஈரத்தோடு இரண்டு கட்டு அவிழ்த்துப் போட்டேன். புன்செய்க்காரர்கள் கொடியை வாடவிட்டுத்தான் போடுவார்களாம். வந்தவளுக்கு அதை யார் சொன்னார்கள்?

மாட்டாஸ்பத்திரி டாக்டர் செந்துறைப் பக்கம் கேம்ப் போயிருந்தார். மாட்டு நோவுக்குச் சூடு போடுகிற வைத்தியர் ஒரு மூட்டை நெல் கேட்டார், ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கிற எங்களிடம்! பிழைக்குமா என்றால், "அது ஆண்டவன் விட்ட வழி" என்றார். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால், வாசலில் தோல் மண்டி பாய் நிற்கிறார். செத்த மாட்டின் தோலை வாங்குகிறவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உசுரு போறதுக்குள்ளயே வந்துட்டீங்களா? போங்க வெளியே!" என்று கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் நகரவில்லை. "கோவிச்சுக்காத தங்கச்சி. மாட்டு வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு எங்கள மாதிரி யாரு பாத்திருக்கா? இது காத்து. வுட்டா மத்தியானம் தாங்காது."

"தோல்காரரு கைபட்டா மாடு எப்படிடி பொழைக்கும்?" என்று எதிர்வீட்டு அக்கா என் காதைக் கடித்தாள். உள்ளே பிள்ளை வீறிட்டது. "செய்யுங்க பாய்" என்றேன்.

முன்கால்கள் மேட்டில் இருக்கும்படி மாட்டை நிறுத்தினார். வேப்பங்குச்சியை வாய்க்குக் குறுக்கே கட்டினார். மாடு அதை மென்றுகொண்டே இருக்க, இடப்பக்கத்தை இரண்டு கையாலும் விடாமல் பிசைந்தார். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. கடைசியில் மாடு நீளமாய் ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள், நான் அழுதே விட்டேன். கூலி என்ன என்று கேட்டதற்கு, "இனிமே கொடிய வாடவுட்டுப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் மாட்டுக்கு நோவு என்றால் தெருவே அவரைக் கூப்பிட்டது, கொல்லைப்பக்கமாக. தோல்காரர் வாசல் வழியாக வந்தால் அபசகுனம் என்று பயம். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். என் பிள்ளையைக் காப்பாற்றியவரை ஒருநாள்கூட உட்காரச் சொன்னதில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சில வருஷம் கழித்து, வயதாகி அந்த மாடு செத்தது. தோலாவது அவருக்குப் போகட்டும் என்று ஆள் அனுப்பினேன். வந்தவர் மாட்டின் பக்கத்தில் குந்தி, அதன் இடப்பக்கத்தைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"வேணாம் தங்கச்சி. உசுரோட இருக்கறப்ப நான் தொட்ட மாடு. இத என் மண்டியில ஏத்த மாட்டேன். புதைச்சுடு."

சொல்லிவிட்டு, பழக்கம் மாறாமல் கொல்லைப்பக்கம் நடந்தார். நான் ஓடிப்போய் மறித்து, "வாசல் வழியாப் போங்க பாய்" என்றேன்.