சண்டைக்கு மூன்று காரணம்

பண்டாரவளையில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மனிதர்கள் ஏன் சண்டை பிடிக்கிறார்கள் என்று சில நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் ஒருவர் யோசித்து மூன்று காரணம் எழுதி வைத்தார்: ஆதாயம், பயம், கௌரவம். வருடா வருடம் இதைக் கரும்பலகையில் எழுதுவேன். எழுதி முடித்து, நான் ஏதோ அந்த மனித இனத்திலேயே சேராதவன் மாதிரி சோக்குத் தூளைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வருவேன்.

வீடு, தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக உள்ள காம்பராக்களில் ஒன்று. அடுத்த காம்பராவில் ஓர் அண்ணன், தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்று, பின்பக்கம் மரக்கறிப் பாத்தியும் ஒன்று. அவர் லீக்ஸ் போடுவார், நான் போஞ்சி போடுவேன். யாருக்கு எது வேண்டுமோ பறித்துக்கொள்வோம். என் அம்மாவுக்கு மூச்சு இழுத்த அன்று, அவரை முதுகில் சுமந்து மெயின் ரோடு வரை ஓடி பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது இந்த அண்ணன்தான்.

லயத்துக் குடும்பங்களுக்குச் சொந்தமாக வீடு கட்ட ஏழேழு பேர்ச்சஸ் காணி தரப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. கடிதம் வரவில்லை, அளக்க ஆளும் வரவில்லை. ஆனாலும் அண்ணன் முந்திக்கொள்வாரோ என்று எனக்குப் பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்தி நடுவில் கம்பு நட்டு வேலி கட்டினேன். கட்டும்போது கை கொஞ்சம் அவர் பக்கமாகப் போய்விட்டது.

"என்னா மாஸ்டர், கேட்டிருந்தா முழுசையும் குடுத்திருப்பேனே," என்றார் அண்ணன்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். படித்தவன் ஆயிற்றே, சட்டம் பேசினேன். இத்தனைக்கும் அந்த மண் தோட்டக் கம்பெனிக்குச் சொந்தம். அதன்பிறகு இரண்டு வருடம் நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன மழைக்கு லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்தது. மண்சரிவு அபாயம், எல்லாரும் வேறிடம் போக வேண்டும் என்று கடைசியில் ஒரு கடிதமும் வந்தது. புது வீடுகளுக்குப் பெயர் பதிய வந்த அதிகாரி நல்ல மனுஷன். பக்கத்து வீட்டில் யார் இருந்தால் நல்லது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். வரிசையில் அண்ணனுக்குப் பின்னால் நான். என்னை அண்ணன் பக்கத்திலேயே போடுங்கள் என்று நான் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"யாரைப் போட்டாலும் சரிங்க," என்றார் அண்ணன். "மாஸ்டர் மட்டும் வேணாம்."

அதிகாரி என்னைப் பார்த்தார். அப்போது நான் அழுதிருந்தாலாவது அண்ணன் திரும்பிப் பார்த்திருப்பார்.

"எனக்கும் அப்படியே எழுதிக்குங்க," என்றேன்.