பெயர் இருந்த பக்கங்கள்

2005 கோடை விடுமுறை. பாண்டிச்சேரியில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தேன். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஒரு காலனியில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித்தர தினமும் காலை பஸ் ஏறிப் போனேன். யாரும் அனுப்பவில்லை, சம்பளமும் இல்லை. அங்கே அதுதான் முதல் சந்தேகம்.

"சும்மாவா வர்றாங்க?" என்று பெண்கள் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். சுனாமிக்குப் பிறகு அந்தக் கரைக்கு வந்துபோனவர்கள் கொஞ்சமில்லை. பெயர் எழுதிக்கொண்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அத்தோடு சரி. என் கையிலும் எப்போதும் ஒரு நோட்டு இருந்தது. எந்தப் பிள்ளை எப்படி நடிக்கிறது, யார் வரவில்லை என்று அன்றன்றே அதில் எழுதிவைப்பேன்.

இரண்டாவது வாரம், "நேத்து காலையில என்ன செஞ்சீங்களோ அதைப் பேசாம செஞ்சு காட்டுங்க" என்றேன். பல் துலக்கினார்கள், ஆடு ஓட்டினார்கள். ஏழாவது முடித்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். இல்லாத ஒரு கொம்பை இரண்டு கையாலும் பிடித்து, முதுகை வளைத்து, உப்பை வாரிக் கரையில் சேர்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தாள். முந்தின இரண்டு நாள் ஜுரம் என்று வராமல் இருந்தவள் அவள்.

அவள் பெயரைப் போட்டு எழுதினேன்: 'ஜுரம் என்றது பொய். உப்பளத்துக்குப் போயிருக்கிறாள். அம்மா அனுப்புகிறாள்.'

மறுநாள் நான் போனபோது சமுதாயக் கூடத்து வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். முன்னால் அவளுடைய அம்மா. காலில் உப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

"எந்தப் புள்ள வேலைக்குப் போவுதுன்னு எழுதி ஆபீஸ்ல குடுக்கறீங்களா?"

"இல்லக்கா. நாடகத்துக்காக எழுதறேன்."

"அப்ப அந்த நோட்டைக் குடுங்க."

கொடுத்தேன். மறுத்திருந்தால் சந்தேகம் உறுதியாகியிருக்கும். அவர் அதைப் பிரித்து, பக்கத்தில் நின்ற மகளிடமே நீட்டினார். "படிடி."

அவள் கண் அந்தப் பக்கத்தில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நல்லா நடிக்கிறா," என்று படித்தாள். "இன்னும் கொஞ்சம் சத்தமா பேசணும்."

அப்படி ஒரு வரி அதில் எங்கேயும் இல்லை. குரல் ஆடவில்லை, முகம் மாறவில்லை. எனக்காகச் செய்கிறாளா, அம்மாவுக்குப் பயந்தா, எனக்குத் தெரியவில்லை.

அம்மா விரலால் வரிகளைத் தொட்டு எண்ணினார். "பக்கம் பூரா எழுத்தா இருக்குது. நீ ரெண்டு வார்த்தை படிக்கற."

"மிஸ் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்குதும்மா. புரியல."

அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார்.

நாலு நாள் ஒரு பிள்ளையும் வரவில்லை. காலியான கூடத்தில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவேன். யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருப்பார், மற்ற பிள்ளைகளைப் பற்றி நான் என்னென்ன எழுதியிருந்தேன் என்று பஸ்ஸில் நினைத்துப் பார்ப்பேன். 'திக்குவாய்', 'மந்தம்' என்றெல்லாம் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டதில் தப்பில்லை என்று பட்டது.

ஐந்தாம் நாள் அந்த அம்மா வந்து நோட்டைத் திண்டின் மேல் வைத்தார். நடுவில் நாலு தாள் கிழிக்கப்பட்டிருந்தது.

"யார் படிச்சாங்கக்கா?"

"யாரும் படிக்கல. எங்க பொண்ணு பேரு எழுத்து மட்டும் எனக்குத் தெரியும். அது இருந்த தாளெல்லாம் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். எழுதாம சொல்லிக்குடுக்க முடியுமா?"

"முடியும்."

"அப்ப சொல்லிக்குடுங்க."

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவளும் வந்தாள், வேலை இல்லாத நாட்களில். நான் எதையும் எழுதவில்லை, அவளும் உப்பு வாரிக் காட்டவில்லை. கூட்டமான ஒரு டவுன் பஸ்ஸை நாடகமாகப் போட்டோம். அவள்தான் கண்டக்டர். அம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் கிளம்பும்போது, "அடுத்த வருஷமும் வருவீங்களா?" என்று கேட்டார்.

"வரலாம்னு இருக்கேன்."

"முன்னாடியே சொல்லிட்டு வாங்க," என்றார்.