குப்புராஜின் இடுப்பும் மாசித் தாண்டலும்

குப்புராஜின் இடுப்பு எப்படிப் பிடித்துக்கொண்டது என்பதற்கு ஊரில் மூன்று கதைகள் உண்டு. முதல் கதையில் குதிரை அவரைத் தூக்கி அடித்தது. இரண்டாவதில் அவருடைய மச்சினன் தமிழ்ச்செல்வன் செய்வினை வைத்தான். மூன்றாவதைப் பெண்கள் குழாயடியில் மட்டும்தான் சொல்வார்கள். அதுவும் பாதி சொல்வதற்குள் சிரித்துவிடுவார்கள். நடந்தது இது மூன்றும் இல்லை. ஐப்பசியில் ஒருநாள் கடத்தூர் சந்தையிலிருந்து மொபெட்டில் கொண்டுவந்த ஐம்பது கிலோ தவிட்டு மூட்டையை, யாரையும் கைகொடுக்கக் கூப்பிடாமல், ஒரே மூச்சில் இறக்கினார். மூட்டை இறங்கியது. ஆள் நிமிரவில்லை.

முதல் கதையைக் கிளப்பிவிட்டவரே குப்புராஜ்தான். குதிரைக்காரனுக்குத் தவிட்டு மூட்டையால் இடுப்பு போனது என்று தெரிந்தால் டீக்கடையில் எப்படிப் போய் உட்காருவது?

பதினேழு வயதில் பெங்களூருக்குப் போனவர் அவர். பந்தயக் குதிரை லாயம் ஒன்றில் சாணி அள்ளத் தொடங்கி, விடியற்காலையில் குதிரைகளை ஓட்டிப் பழக்கும் வேலை வரைக்கும் உயர்ந்தார். முப்பத்தொன்பதில் ஊர் திரும்பியபோது, பந்தயத்தில் ஒரு தடவைகூட ஜெயிக்காத குதிரை ஒன்றையும் கூடவே கூட்டிவந்தார். அதன் பெயர் ஜாக்பாட். அதற்குத் தமிழ் தெரியாது. "பாரோ மகா" என்று கன்னடத்தில் கூப்பிட்டால் வரும். "வாடா" என்றால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா நிற்கும். இரண்டு ஏக்கர் ராகி, ஒரு கறவை மாடு, முகூர்த்த நாளில் மாப்பிள்ளைகளைச் சுமக்கும் குதிரை என்று ஒன்பது வருஷமாகக் குடும்பம் நல்லபடியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் குப்புராஜுக்கு ஊரில் பேர் வந்தது கல்யாண ஊர்வலத்தால் இல்லை, மாசித் தாண்டலால். மாசி மாசத்துத் திருவிழாவில், ராகி விளைந்த வீடுகளெல்லாம் ஆளுக்கொரு ராகித் தாள் கட்டைக் கொண்டுவந்து மாரியம்மன் கோயில் முன்னால் தெருவுக்குக் குறுக்கே அடுக்குவார்கள். ஊர்க் குதிரை அதைத் தாண்ட வேண்டும். தாண்டிவிட்டால் அம்மன் அந்த வருஷத்து வெள்ளாமையை ஏற்றுக்கொண்டாள் என்று கணக்கு. கொண்டுவந்த கட்டை வேண்டாமென்று திருப்பி அனுப்பக் கூடாது. அது அந்த வீட்டையே அவமானப்படுத்துவது போல. ஆகவே விளைச்சல் குறைந்தால் தடுப்பு முழங்காலோடு நின்றுவிடும், நன்றாக விளைந்தால் ஏறிக்கொண்டே போகும். எட்டு வருஷமாகக் குப்புராஜ்தான் தாண்டுகிறார். தாண்டி முடித்ததும் தலையில் கட்டும் மஞ்சள் பரிவட்டம் எட்டும் இரும்புப் பெட்டியில் மடித்திருக்கின்றன. ஒன்பதாவதைக் கட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் அவருடைய ஆசை.

இந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்திருந்தது.

"இந்தத் தடவ என் தம்பி தாண்டட்டுங்க," என்றாள் மனைவி கலைமதி. தமிழ்ச்செல்வன் போன ஆடியில்தான் அந்தியூர்ச் சந்தையில் ஒரு நாட்டுக் குதிரை வாங்கியிருந்தான்.

"உன் தம்பியா? அவன் குதிர மேல உக்காந்தா குதிரைக்கு வேண்டுதலான்னு ஊரே கேக்குது."

"உங்கள மாதிரி குனிஞ்சி செருப்பு மாட்ட முடியாம அவன் நிக்கல."

குப்புராஜ் அன்று மத்தியானமே மருந்துக் கடைக்குப் போய் அகலமான இடுப்பு பெல்ட் ஒன்றை வாங்கிவந்தார். பெல்ட் நல்ல பெல்ட்தான், கட்டிய விதத்தில்தான் கோளாறு. இறுக்கினால் வலி இல்லை, இன்னும் இறுக்கினால் இன்னும் வலி இல்லை என்று கண்டுபிடித்து, மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கினார். சாப்பிடும்போதும் அதுதான், தூங்கும்போதும் அதுதான். அது போதாதென்று, பழைய இரும்புக் கடையில் கிடந்த பஸ் சீட்டு ஒன்றின் பஞ்சை உருவி, குதிரைச் சேணத்தின் மேல் நாலு விரல் உயரத்துக்கு மெத்தை தைத்தார்.

"ராசா மாதிரி இருக்குது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஏரிக்குள் வெள்ளோட்டம் விட்டார். தண்ணீர் வற்றிய ஓரத்தில் ஒரு சின்னக் கால்வாய், ஆட்டுக்குட்டிகூடத் தாண்டிவிடும். ஜாக்பாட்டும் தாண்டியது. மெத்தை குப்புராஜை மேலே தூக்கிப்போட்டது, பெல்ட் அவரைக் குனியவிடாமல் கம்பம் போல நிறுத்தியது. குதிரை முன்னால் போய்விட, இவர் ஒரு நொடி பின்தங்கி, அப்புறம் முழு எடையோடு தொம்மென்று சேணத்தில் இறங்கினார். இடுப்பிலிருந்து கால் பெருவிரல் வரைக்கும் மின்சாரம் ஓடியது. குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடித்தபடி கால்மணி நேரம் அசையாமல் கிடந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் குள்ளம்மாள் ஆடு ஓட்டிக்கொண்டு வரவேண்டுமா?

"ஏம்பா குப்பு, குதிர காதுல என்னா ரகசியம் சொல்ற?"

"ஒண்ணும் இல்லக்கா. காத்தாட இருக்கறன்."

"இரு இரு. நான் போயி கலைமதிகிட்ட சொல்லிட்டு வர்றன், நீ காத்தாட இருக்கறன்னு."

கலைமதி வருவதற்குள் பாதி ஊர் வந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து அவரை இறக்கினார்கள். அதில் ஒருவன் தமிழ்ச்செல்வன். அவன்தான் ரொம்ப மெதுவாக, ரொம்ப அக்கறையாக இறக்கினான். அதுதான் குப்புராஜுக்கு இடுப்பை விட அதிகமாக வலித்தது.

மறுநாள் கலைமதி அவரை ஷேர் ஆட்டோவில் உட்காரவைத்துப் பிசியோதெரபி பார்க்கும் பிளசியிடம் கூட்டிப்போனாள். பிளசிக்கு முப்பது வயதுகூட இருக்காது. சவரி வாத்தியார் மகள். குதிரையைச் சர்ச்சில் கிறிஸ்துமஸ் ஜோடனையில் மட்டும்தான் பார்த்தவள். ஏற்கெனவே எடுத்த ஸ்கேனைப் பார்த்தாள், காலைத் தூக்கச் சொன்னாள், முட்டியில் தட்டினாள், விரலில் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டாள். கடைசியில் பெல்ட்டைக் கழற்றச் சொல்லிக் கையில் எடுத்தாள்.

"இத எவ்ளோ நேரம் கட்டறீங்க?"

"குளிக்கறப்ப மட்டும் கழட்டறன்மா."

"அதான் வயித்துச் சதையும் முதுகுச் சதையும் வேல செய்யறத வுட்டுட்டுத் தூங்குது. எல்லாத்தயும் பெல்ட்டு பாத்துக்கும்னு அதுங்க நெனச்சிக்கிச்சி. சரி, குதிர தாண்டற நேரத்துல நீங்க எப்படி இருப்பீங்க, இந்த ஸ்டூல்ல உக்காந்து காட்டுங்க."

குப்புராஜ் கம்பீரமாக நிமிர்ந்து, நெஞ்சை விரித்து, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். கலைமதி பக்கென்று சிரித்துவிட்டாள்.

"போட்டோவுக்கு நிக்கற மாப்பிள்ள மாதிரியே இருக்குது."

பிளசி சிரிக்கவில்லை. "அப்ப குதிர எறங்கற அடி மொத்தமும் நேரா முதுகெலும்புக்குத்தானே போவும்? நடுவுல தாங்கிக்க ஒண்ணுமே இல்லியே. எனக்குக் குதிர தெரியாதுங்கண்ணா. பஸ்சு பள்ளத்துல எறங்கறப்ப கண்டக்டரு உக்காந்தா இருக்கறாரு? முட்டிய மடக்கி நிக்கறாரில்ல?"

குப்புராஜ் தொங்கவிட்ட தன் காலைக் குனிந்து பார்த்தார். பெங்களூரில் இருபது வருஷம் விடியற்காலையில் அவர் எப்படி ஓட்டினார்? கால் வைக்கும் அங்கவடியின் வாரைக் குட்டையாகக் கட்டி, பாதத்தில் எடையைப் போட்டு, பிட்டம் சேணத்தில் படாமல், தொடையிடுக்கிலிருந்து மடங்கி, முதுகைப் பலகை மாதிரி வைத்துத்தானே ஓட்டினார்? ஒன்பது வருஷமாக மாப்பிள்ளை ஊர்வலத்தில் பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் நடை ஓட்டி ஓட்டி, காலைத் தொங்கவிட்டு உட்காருவதே சவாரி என்று உடம்பு பழகிவிட்டது. போன வருஷங்களில் தடுப்பு தாழ்ந்திருந்ததால் தப்பித்திருக்கிறார்.

"எனக்குத் தெரியும்மா," என்றார் மெதுவாக. "தெரிஞ்சத மறந்துட்டன்."

"அப்ப பாதி வேல முடிஞ்சிது. மெத்தயப் பிச்சிப் போடுங்க. பெல்ட்டு சவாரி நேரத்துல மட்டும், ரெண்டு வெரல் உள்ள போற மாதிரி. இந்த நாலு பயிற்சி தெனம் ரெண்டு வேள. ஒரு மாசத்துக்கு நட மட்டுந்தான், தாண்டல் கிடையாது. திருவிழாவுல இடுப்பு ஒசரத்துக்கு மேல போனா எறங்கிடணும். கால் மரத்துப் போச்சின்னாலும் எறங்கிடணும். சத்தியம் பண்ணுங்க."

"பண்றன்."

"எங்கிட்ட இல்ல, அக்காகிட்ட."

பண்ணினார்.

அடுத்த ஆறு வாரம் மாட்டுக் கொட்டகையில் நடந்ததை ஊர் அறியாது என்று குப்புராஜ் நினைத்துக்கொண்டிருந்தார். சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, இடுப்பைத் தூக்கி, பத்து எண்ணுவார். அப்புறம் நாலு காலில் நின்று வலது கையையும் இடது காலையும் நீட்டுவார். மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கும். இரண்டாம் வாரமே பக்கத்து வீட்டிலிருந்து, "குப்பண்ணன் கொட்டாயில யாரக் கும்படறாரு?" என்று கேள்வி வந்தது. கலைமதி அசரவில்லை. "மாடு கும்படுது, அவரு பதிலுக்குக் கும்படறாரு," என்று சொல்லிவிட்டு, கதவுக்குக் குறுக்கே ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டாள்.

தம்பி தாண்டட்டும் என்ற பேச்சு அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து வரவில்லை. ஐந்தாம் வாரம் அவரே குனிந்து செருப்பு மாட்டியதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஆறாம் வாரம் ஏரிக்குள் அதே கால்வாய். அங்கவடி இரண்டு துளை ஏறியிருந்தது. ஜாக்பாட் தாண்டியது, குப்புராஜின் முட்டியும் கணுக்காலும் அமுங்கி எழுந்தன, அவ்வளவுதான். குள்ளம்மாள் ஆட்டோடு நின்று பார்த்துவிட்டு, "இன்னிக்கி ரகசியம் ஒண்ணும் சொல்லலியா?" என்று ஏமாற்றத்தோடு போனாள்.

திருவிழா அன்று மத்தியானம் மூன்று மணிக்குக் கட்டுகள் வரத் தொடங்கின. பத்து, பதினைந்து, இருபது. வழக்கமாக அங்கேயே நின்றுவிடும். இந்த வருஷம் நிற்கவில்லை. பெங்களூரில் இருப்பவர்கள்கூடக் குத்தகைக்கு விட்ட நிலத்துக்கு ஒரு கட்டு அனுப்பியிருந்தார்கள். முப்பத்தாறாவது கட்டை வைத்தபோது தடுப்பு குப்புராஜின் மார்புக்கு வந்திருந்தது.

புதுச் சட்டையோடு நின்ற தமிழ்ச்செல்வன் அதை மேலும் கீழும் பார்த்தான். "மாமா, இது உங்களுக்குன்னே வெச்ச மாதிரி இருக்குது. நான் நடுவுல வரல."

குதிரை மேலிருந்த குப்புராஜ் தடுப்பைப் பார்த்தார், ஜாக்பாட்டைப் பார்த்தார். ஏணி மாதிரி நேராக ஏறி, நேராக விழ வேண்டும். விழுகிற அடியை எந்த முட்டியும் தாங்காது. சுற்றிலும் ஊர் நின்றது. பரிவட்டத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு தர்மகர்த்தா சென்றாயன் நின்றார். குப்புராஜ் இறங்குவதற்காகக் காலை அங்கவடியிலிருந்து எடுத்தார். சத்தியம் சத்தியம்தான்.

"இருங்க," என்றாள் கலைமதி. அவரிடம் இல்லை. சென்றாயனிடம் போனாள். "பெரியப்பா, வந்த கட்டத் திருப்பி அனுப்பக் கூடாது, அதானுங்க வழக்கம்?"

"ஆமாம்மா. ஒண்ணக்கூட எடுக்க முடியாது."

"எடுக்க வேணாங்க. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும்னு யாருங்க சொன்னது?"

சென்றாயன் பக்கத்திலிருந்த இரண்டு கிழவர்களைப் பார்த்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

"பக்கம் பக்கமா பரப்பிட்டா எல்லா வூட்டுக் கட்டுந்தான் இருக்கும். மாரியம்மா எண்ணிக்கட்டும்."

"அப்பறம் ஒசரம் கொறஞ்சி போச்சின்னு எவனாவது பேசுனா?" என்றார் சென்றாயன்.

"பேசறவங்க வந்து ஏறட்டுங்க. குதிர சும்மாதான் நிக்குது."

யாரும் ஏறவில்லை. பெண்கள்தான் இறங்கி வந்தார்கள். வைக்கோல் போர் போட்டுப் பழகிய கைகள். கால்மணி நேரத்தில் மார்பு உயரத் தடுப்பு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலாக, ஒரு கயிற்றுக் கட்டில் அகலத்துக்குப் பரந்து கிடந்தது. குப்புராஜுக்கு உடனே புரிந்தது. இது ஏணி இல்லை. வேகமாக வருகிற குதிரைக்கு ஒரு நீளமான தாவல்.

பெல்ட்டுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். "நிதானா, மகா," என்று திருப்பிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனார். அங்கிருந்து ஜாக்பாட் ஓடிவந்த வேகத்தைப் பார்த்திருந்தால் பெங்களூர் முதலாளி அதை விற்றே இருக்க மாட்டார். தாள்களுக்குப் பத்தடி முன்னால் குப்புராஜ் சேணத்தை விட்டு எழுந்தார். குதிரைக் கழுத்து மேலே வந்தது, அவர் மடங்கினார், கை முன்னால் போனது. ஊர் கீழே ஓடியது. குளம்புகள் அந்தப் பக்கம் மண்ணைத் தொட்டபோது அந்த அடி பாதத்தில் ஏறி, கணுக்காலில் பாதி போய், முட்டியில் மீதி போய், இடுப்புக்கு வந்து சேர்ந்தபோது யாரோ தோளைத் தட்டிய மாதிரிதான் இருந்தது.

குலவை எழுந்தது. கலைமதி குலவை போடவில்லை. அவர் எப்படி இறங்குகிறார் என்பதிலேயே கண்ணாக இருந்தாள். குப்புராஜ் இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து எடுத்து, வயிற்றைக் குதிரை மேல் சாய்த்து, மெதுவாக வழுக்கி இறங்கினார். நின்றார். நிமிர்ந்தார்.

"கால் மரக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"வலிக்குதா?"

"கொஞ்சூண்டு. நாளைக்கித் தெரியும்."

"நாளைக்கித் தெரியட்டும். தவிட்டு மூட்டய மட்டும் இனிமே தொட்டீங்கன்னா நானே கட்டி வெச்சி அடிப்பன்."

அவள் அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற குள்ளம்மாள், "தவிட்டு மூட்டயா? என்னா தவிட்டு மூட்ட?" என்று காதைத் தீட்டிக்கொண்டு நெருங்கினாள். சென்றாயன் ஒன்பதாவது பரிவட்டத்தைக் கட்டுவதற்குள் நாலாவது கதை, அதாவது நிஜக் கதை, கோயிலைச் சுற்றி வந்துவிட்டது. சிரிப்புச் சத்தம் ஒவ்வொரு மூலையாகக் கிளம்பியது. குப்புராஜ் அதைக் கேட்டார். மஞ்சள் துணி நெற்றியில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. அவரும் சிரித்தார், இடுப்பு குலுங்காத அளவுக்கு.